நாய்க்குக் கொடுத்த அட்வான்ஸ் யாருக்குச் சொந்தம்?

வாடகைக்கு வீடு கேட்டு வருகிறவரிடம் வீட்டுக்காரர் கேட்கும் கேள்விகள் சிறு ஊர்களில் அதிகம் மாறுவதில்லை. எத்தனை பேர், எங்கே வேலை, சொந்த ஊர் எது. (சாதியை நேராகக் கேட்காமல் சொந்த ஊரையும் தெருவையும் கேட்டே தெரிந்துகொள்வது தனிக்கலை, அதற்கு வேறொரு கட்டுரை வேண்டும்.) இந்த வரிசையில் இப்போது புதிதாகச் சேர்ந்துகொண்டிருப்பது, 'நாய், பூனை ஏதும் வளர்க்கிறீங்களா?' என்ற கேள்வி. முன்பு இதற்குத் தேவை இருக்கவில்லை. நாய் வாசலில் கிடந்தது, பூனை ஊருக்கே பொதுவாகத் திரிந்தது, ஆடும் கோழியும் கொல்லையில் நின்றன. ஓட்டு வீட்டுத் திண்ணையை நாய் பிறாண்டினால் யாரும் கணக்குப் பார்க்கவில்லை. கான்கிரீட் மாடியில் தனிப் போர்ஷன், தரையில் டைல்ஸ், ஜன்னலில் கொசுவலை, பூட்டிய கிரில் கதவு என்று வாடகை வீடு மாறியபோது நாயும் வீட்டுக்குள் வந்துவிட்டது. புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலம் போன்ற பேரூராட்சியிலும் நிலைமை இதுதான். பூவும் தென்னையும் தாங்கி நிற்கும் ஊர். ஆனால் பள்ளி ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், மருத்துவமனைப் பணியாளர்கள், மின்வாரியத்தார், பூக்கடைகளில் வேலை பார்ப்பவர்கள் என்று வாடகைக்கு இருந்தே ஆகவேண்டிய ஒரு கூட்டமும் இங்கே எப்போதும் உண்டு.

'நாய் இருக்கு' என்று பதில் வந்தால் இரண்டில் ஒன்று நடக்கும். வீடு இல்லை என்று கைவிரிக்கலாம். அல்லது, 'அப்ப அட்வான்ஸ்ல ஒரு மாசம் கூடப் போட்டுடுங்க' என்று பேச்சு முடியலாம். பெருநகரங்களில் இதற்கு பெட் டெபாசிட், பெட் ஃபீஸ் என்றெல்லாம் பெயர் உண்டு. சிறு ஊரில் பெயரே கிடையாது, அட்வான்ஸோடு சேர்ந்துவிடுகிறது. பணம் கைமாறும் நாளில் சிக்கல் எதுவும் தெரிவதில்லை. குடியிருப்பவரின் நிலைமை மாறும் நாளில்தான் தெரிகிறது. நாய் செத்துப்போகிறது. மாறுதல் உத்தரவு வந்து பத்து நாளில் காலி செய்ய வேண்டியிருக்கிறது. வேலை போகிறது. வரும்போது இல்லாத பூனை இடையில் வந்து சேர்கிறது. அப்போது அந்தக் கூடுதல் பணத்தை என்ன செய்வது? திருப்பித் தருவதா, கழித்துக்கொள்வதா, புதிதாகக் கேட்பதா? இந்தக் கட்டுரையின் வாதம் ஒன்றுதான். பிராணிக்கென்று வாங்கும் பணம் வீட்டுக்காரரின் வருமானம் ஆகாது. வீட்டுக்கு நேரக்கூடிய சேதத்துக்கு ஈடாக அவர் கையில் இருக்கும் குடியிருப்பவரின் பணம் அது. இதை முதலில் ஒப்புக்கொண்டால், பிறகு நிலைமை எப்படி மாறினாலும் கணக்குக்கு வழி கிடைத்துவிடும். ஒப்புக்கொள்ளாமல் விட்டால் ஒவ்வொரு மாற்றமும் ஒரு சண்டை.

கீரமங்கலத்துப் பூச்சந்தையைப் பார்த்தாலே இதில் உள்ள முரண் தெரியும். விடியற்காலையில் மல்லியும் முல்லையும் கனகாம்பரமும் கொண்டுவரும் விவசாயிக்கு எடை, அன்றைய விலை, கமிஷன் கழிவு, கைக்கு வரும் பாக்கி எல்லாம் ஒரு சீட்டில் எழுதித் தரப்படும். அரைக் கிலோ பூவுக்கும் சீட்டு. அதே ஊரில் பதினைந்தாயிரம், இருபதாயிரம் என்று கைமாறும் வீட்டு அட்வான்ஸில் எது வீட்டுக்கு, எது நாய்க்கு, எதைக் கழிக்கலாம், எதைக் கழிக்கக்கூடாது என்பதற்கு ஒரு வரி எழுத்து இருக்காது. ஒத்திக்கு வீடு பிடிப்பவர்கள் நிலைமை இன்னும் மோசம். மாத வாடகையே இல்லாமல் லட்சங்களில் மொத்தமாகக் கொடுத்துவிடுவதால், காலி செய்யும்போது வீட்டுக்காரர் சொல்லும் கழிவுக்குத் தலையாட்டுவது தவிர அவர்களுக்கு வேறு பிடி கிடையாது. மிச்சப் பணம் வந்தால்தானே அடுத்த வீட்டுக்குப் போக முடியும்!

சட்டம் என்ன சொல்கிறது? 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டுத் தமிழ்நாடு கொண்டுவந்த, நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. நாய், பூனை, ஆடு எதைப் பற்றியும் அதில் பேச்சில்லை. ஆனால் அட்வான்ஸ் பற்றித் தெளிவாகப் பேசுகிறது. வேறு விதமாக உடன்பாடு இல்லாத பட்சத்தில், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், குடியிருந்தவர் தரவேண்டியதைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தரவேண்டும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிவாகவேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஓர் அதிகாரிதான் அந்த அமைப்பு. இத்தனையும் வைத்துக்கொண்டு பார்த்தால், நாய்க்கென்று தனியாக வாங்கினாலும் அதுவும் முன்பணத்தின் ஒரு பகுதிதான். மூன்று மாத வரம்பும் ஒரு மாதக் கெடுவும் அதற்கும் சேர்த்துத்தான்.

அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையை வாடகைக்கு இருப்பவர்கள் யாரும் படிப்பதில்லை. படித்தால் பாதிச் சண்டை தீரும். சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னல்களுக்குப் பெயின்ட் அடிப்பதும் வீட்டுக்காரரின் பொறுப்பு என்று அது சொல்கிறது. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, கொசுவலை, ஜன்னல் கண்ணாடி இவையெல்லாம் குடியிருப்பவர் பொறுப்பு. புழங்குவதால் இயல்பாக வரும் தேய்மானத்துக்கு யாரும் யாருக்கும் கடன்பட்டவர் அல்ல. இதை ஒரு வீட்டில் பொருத்திப் பாருங்கள். காலி செய்யும் நாளன்று வீட்டுக்காரர் டார்ச் அடித்துக்கொண்டு வருகிறார். கொல்லைக் கதவின் அடிப்பாகத்தில், தரையிலிருந்து ஒரு முழ உயரம் வரைக்கும், நகம் இழுத்த கோடுகள். மழை நேரத்தில் உள்ளே வரவேண்டி நாய் பிறாண்டியவை. ப்ரைமர் வரைக்கும் பெயின்ட் உரிந்திருக்கிறது. ஜன்னல் கொசுவலையில் பூனை தலை நுழையும் அளவுக்கு ஒரு கிழிசல். ஹாலில் மூன்று வருடப் புழக்கத்தில் மங்கிப்போன டிஸ்டம்பர். இந்த மூன்றில் கொசுவலை சந்தேகமே இல்லாமல் குடியிருந்தவர் கணக்கு. கதவைப் பிறாண்டியது தேய்மானம் இல்லை, சேதம். அதுவும் அவர் கணக்குத்தான், அந்த ஒரு கதவுக்கு மட்டும். மங்கிய சுவருக்கும் நாய்க்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் 'நாய் இருந்த வீடு, மொத்தமா பெயின்ட் அடிக்கணும்' என்ற ஒரே வாக்கியத்தில் மூன்றும் சேர்ந்து, கூடுதலாகக் கொடுத்த ஒரு மாதம் கரைந்துபோகிறது.

பிராணிக்கென்று வாங்கும் பணம் நடைமுறையில் மூன்று வடிவங்களில் வருகிறது. முதலாவது, திரும்பக் கிடைக்கும் முன்பணம். இரண்டாவது, திரும்பாத ஒருமுறைத் தொகை. மூன்றாவது, மாதாமாதம் வாடகையோடு சேரும் இருநூறு முந்நூறு. மூன்றையும் சட்டம் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. முன்பணமாக இருந்தால், 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 74-ஆவது பிரிவு துணைக்கு வரும். ஒப்பந்தத்தில் ஒரு தொகையை எழுதிவிட்டாலே அது முழுவதையும் எடுத்துக்கொள்ள முடியாது. அதற்குள் அடங்கும் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். கைலாஷ்நாத் அசோசியேட்ஸ் வழக்கில் 2015-இல் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் உறுதியாகச் சொன்னது: இழப்பு என்று ஒன்று நேர்ந்திருந்தால்தான் இழப்பீடு, இழப்பை நிரூபிக்க முடிகிற இடத்தில் நிரூபித்தாக வேண்டும். அது டெல்லி வளர்ச்சி ஆணையத்தின் நில ஏலத்தில் கட்டிய முன்பணம் பற்றிய வழக்கு என்றாலும், கொள்கை கீரமங்கலத்துக் கொல்லைக் கதவுக்கும் பொருந்தும். ஒருமுறைத் தொகைக்கு இந்தப் பாதுகாப்பு தெளிவாக இல்லை. 'நாய் வளர்க்க அனுமதி கொடுத்ததற்கு விலை' என்று வீட்டுக்காரர் வாதாடினால், அங்கே இழப்பு என்ற கேள்வியே எழாது. ஆகவே திரும்பாத தொகைக்கு ஒப்புக்கொள்ளும் முன் குடியிருப்பவர் ஒருமுறை யோசிப்பது நல்லது. யோசித்துத்தான் கொடுக்கிறார் என்றால், அது எந்த வேலைக்கு என்பதையாவது எழுதி வாங்கவேண்டும். காலி செய்யும்போது வீட்டைக் கழுவி மருந்தடிக்கும் செலவு என்று எழுதினால், அதையே இரண்டாம் முறை அட்வான்ஸில் கழிக்க முடியாது.

இனி, நிலைமை மாறும் இடங்களுக்கு வருவோம். முதலில் நாயின் சாவு. குடிவந்த நான்காம் மாதம் நாய் செத்துவிட்டது என்றால், நாய்க்காகக் கொடுத்த பணத்தை உடனே திருப்பிக் கேட்கலாமா? கேட்கக்கூடாது என்பவர்களின் வாதம் வலுவானது. நாய் போய்விட்டது, ஆனால் நான்கு மாதத்தில் அது செய்த சேதம் வீட்டிலேயே இருக்கிறது. பணம் சேதத்துக்கு ஈடு என்று ஒப்புக்கொண்டால், நாய் இல்லை என்பதால் மட்டும் ஈடு தேவையற்றதாகிவிடாது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணச் சட்டம் இந்த வழியில்தான் போகிறது. அங்கே பிராணிச் சேதத்துக்கென்று அரை மாத வாடகைக்கு மிகாமல் தனி முன்பணம் வாங்கலாம். எத்தனை பிராணி இருந்தாலும் ஒரே முன்பணம்தான். பிராணி செய்த சேதத்துக்கு மட்டுமே அதைப் பயன்படுத்தலாம். கணக்குத் தீர்ப்பது வீட்டைக் காலி செய்யும்போது. தர்க்கம் சரி. ஆனால் நம் ஊரில் ஐயாயிரம் ரூபாய் என்பது ஒரு குடும்பத்தின் ஒரு மாத வாடகை. அதை இன்னும் இரண்டு மூன்று வருடத்துக்கு, இல்லாத நாயின் பெயரில் முடக்கிவைப்பதற்குப் பதிலாக வேறு வழி இருக்கிறது. நாய் போன பதினைந்து நாளுக்குள் இருவரும் சேர்ந்து வீட்டைப் பார்ப்பது, பிறாண்டல், கிழிசல், வாடை இருந்தால் அதற்கு உரியதைக் கழித்து மீதியைத் தந்துவிடுவது, அன்றோடு நாய்க் கணக்கை மூடுவது. வீட்டுக்காரருக்கும் இது நல்லதே. மூன்று வருடம் கழித்து 'இந்தக் கோடு நாய் போட்டதா, பீரோ இழுத்ததா' என்று தகராறு செய்வதைவிட, நேற்று நடந்ததை இன்று பார்ப்பது எளிது. மாதக் கட்டணமாக இருந்தால் கேள்விக்கே இடமில்லை. பிராணி இல்லாத மாதத்துக்குப் பிராணிக் கட்டணம் வாங்குவதை எந்த நியாயத்திலும் சேர்க்க முடியாது. அடுத்த மாத வாடகையிலேயே அது நின்றுவிட வேண்டும்.

மாறுதல் இதைவிடச் சிக்கலானது. அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பொது மாறுதல் கலந்தாய்வு முடிந்து உத்தரவு கையில் வந்தால், சில நாட்களில் புதிய பள்ளியில் சேர்ந்தாக வேண்டும். வங்கிக்காரருக்கும் காவல்துறையினருக்கும் நாள் இன்னும் குறைவாக இருக்கலாம். இவர்கள் வழக்கமாகப் போடுவது பதினொரு மாத ஒப்பந்தம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவுச் சட்டப்படி பதிய வேண்டும் என்பதைத் தவிர்க்க வந்த பழைய பழக்கம் அது, 2017 சட்டம் எல்லா வாடகை ஒப்பந்தத்தையும் பதியச் சொன்ன பிறகும் போகவில்லை. ஒரு நாய் பத்துப் பன்னிரண்டு வருடம் உயிர் வாழும். அதாவது, ஒரே நாயின் ஆயுளில் பத்து ஒப்பந்தம் வரலாம், நான்கைந்து வீடு மாறலாம். ஒவ்வொரு வீட்டிலும் திரும்பாத ஒரு தொகை என்றால், அந்தக் குடும்பம் ஒரே நாய்க்கு நான்கைந்து முறை விலை கொடுக்கிறது; எந்த வீட்டிலும் அது ஒரு கோடு கிழிக்காமல் இருந்திருந்தாலும். பதினொரு மாதத்துக்கென்று மொத்தமாக வாங்கிய தொகையாக இருந்து ஐந்தாம் மாதமே மாறுதல் வந்தால், மிச்ச ஆறு மாதத்துக்கு உரியதைத் திருப்பித் தருவதுதான் முறை. வாடகையையே அந்த ஆறு மாதத்துக்கு வாங்காத வீட்டுக்காரர், நாய்ப் பணத்தை மட்டும் பிடித்துக்கொள்ள என்ன காரணம் சொல்ல முடியும்? 'சொல்லாமல் கொள்ளாமல் போனதால் எனக்கு வீடு சும்மா கிடக்கிறது' என்பார். அதற்கு நோட்டீஸ் காலம் என்ற தனி ஏற்பாடு இருக்கிறது. நாயை அதற்குள் இழுக்க வேண்டாம்.

மாற்றம் எதிர்த்திசையிலும் வரும். குடிவரும்போது பிராணி இல்லை, பிறகு வருகிறது. இந்தப் பக்கத்தில் சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ ஆண்கள் வேலைக்குப் போய்விட, மனைவியும் பிள்ளைகளும் வயதான தாயும் மட்டும் இருக்கும் வீடுகள் ஏராளம். கணவர் விமானம் ஏறிய பிறகு ஒரு நாயை வளர்ப்பது அங்கே பொழுதுபோக்கு இல்லை, காவல். அந்த நாய் வீட்டுக்காரரின் தென்னைக்கும் சேர்த்துத்தான் குரைக்கிறது. அதற்கு அவர் கூலி எதுவும் தருவதாகத் தெரியவில்லை. இப்படி நடுவில் வரும் பிராணிக்கு முன்பணம் கேட்க வீட்டுக்காரருக்கு உரிமை உண்டா? உண்டு என்றே சொல்வேன். ஏற்கெனவே வாங்கியது பிராணியைக் கணக்கில் எடுக்காமல் வாங்கியது. ஆனால் பிராணி வந்ததைச் சாக்காக வைத்து வாடகையை ஏற்றுவது வேறு விஷயம். வாடகை உயர்வு ஒப்பந்தத்தில் உள்ளபடிதான் நடக்கவேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியாவில்கூட, பிராணி இடையில் வந்தால் வீட்டுக்காரர் சம்மதம் கொடுக்கும் அந்த நேரத்தில் முன்பணம் வாங்கலாம் என்று வழி வைத்திருக்கிறார்கள். சம்மதமும் பணமும் ஒரே நாளில், ஒரே தாளில். ஆடு கோழி பற்றியும் ஒரு வார்த்தை. 2011-க்குப் பிறகு அரசு கொடுத்த விலையில்லா ஆடுகளால் வாடகைக் கொல்லையிலும் ஆடு கட்டும் குடும்பங்கள் உண்டு. ஆட்டுக்கு முன்பணம் கேட்பவரை நான் கேள்விப்பட்டதில்லை. தென்னங்கன்றைக் கடித்தால் அன்றே சண்டை போட்டு அன்றே தீர்த்துவிடுகிறார்கள். நாய்க்கு அந்த நேர்மை கிடைப்பதில்லை.

வருமானம் குறைந்தால் என்ன செய்வது என்பதில் நான் குடியிருப்பவர் பக்கம் முழுதாக நிற்க மாட்டேன். அவருக்கு வேலை போனதற்கு வீட்டுக்காரர் பொறுப்பில்லை; ஒப்புக்கொண்ட முன்பணத்தைக் குறைக்கவும் அவருக்குக் கடமை இல்லை. தவணையில் வாங்கிக்கொள்வது மனிதத்தன்மை, அவ்வளவுதான். ஆனால் மாதக் கட்டணம் என்ற வடிவத்தில் ஒளிந்திருக்கும் ஆபத்தை இங்கே சொல்லியாக வேண்டும். 2017 சட்டத்தின்படி வீட்டைத் திரும்பப் பெறுவதற்கான காரணங்களில் ஒன்று இரண்டு மாதப் பாக்கி. அந்தப் பாக்கியில் வாடகை மட்டும் சேராது, ஒப்பந்தப்படி தரவேண்டிய மற்றக் கட்டணங்களும் சேரும். கேட்பு நோட்டீஸ் வந்த ஒரு மாதத்துக்குள் கட்டிவிட்டால் தப்பிக்கலாம் என்றாலும், மாதம் முந்நூறு ரூபாய் நாய்க் கட்டணம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர், வாடகையை ஒழுங்காகக் கொடுத்துக்கொண்டே அறுநூறு ரூபாய்க்காக வெளியேற்ற வழக்கைச் சந்திக்கும் நிலை வரலாம். வருமானம் ஆட்டம் கண்ட வீட்டில் முதலில் நிற்பது இப்படிப்பட்ட சில்லறைக் கட்டணம்தான். மாதக் கட்டணத்தைவிட ஒரே முன்பணம் மேல் என்று நான் சொல்வதற்கு இதுவே முக்கியக் காரணம்.

வீட்டுக்காரர்கள் இதையெல்லாம் கேட்டுச் சும்மா இருக்க மாட்டார்கள், இருக்கவும் கூடாது. சிறு ஊரில் வீட்டுக்காரர் என்றால் பத்து அடுக்குமாடி வைத்திருப்பவர் இல்லை. ஓய்வூதியப் பணத்தில் மாடி எழுப்பியவர், மகளுக்கென்று கட்டி வாடகைக்கு விட்டவர். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் ஒரே இரவில் தென்னந்தோப்புகளைச் சாய்த்த பகுதி இது. மாதம் பிறந்தால் வரும் வாடகையின் அருமை அவர்களுக்குத் தெரியும். நாய் மூத்திர வாடை டைல்ஸ் இணைப்பில் ஏறினால் ஃபினாயில் ஊற்றினாலும் போகாது, உண்ணி ஒருமுறை சுவர் விரிசலில் புகுந்தால் அடுத்துக் குடிவருபவர் வசைபாடுவார், இரவெல்லாம் குரைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவது குடியிருப்பவரிடம் இல்லை, நம்மிடம்தான் என்று அவர்கள் சொல்வது உண்மை. இத்தனைக்கும் ஈடாக ஒரு மாத வாடகை அதிகமா என்கிறார்கள். அதிகம் இல்லை. மூன்று மாத வரம்புக்குள் அந்தப் பணத்தை வைத்திருப்பதை நான் ஆட்சேபிக்கவே இல்லை. எந்தச் சேதத்துக்கு எவ்வளவு என்று காட்டிக் கழியுங்கள் என்பதுதான் கோரிக்கை. குடிவரும் நாளன்று கதவு, தரை, வலை, கழிவறை ஆகியவற்றை இருவர் போனிலும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டால் தேதியோடு சாட்சி வந்துவிடுகிறது. குரைப்புக்கும் தொல்லைக்கும் பணம் மருந்தே இல்லை. அதற்குச் சட்டத்தில் வேறு இடம் இருக்கிறது. பொதுத் தொல்லை தரும்படியோ வீட்டுக்குச் சேதம் வரும்படியோ புழங்கினால், நோட்டீஸ் கொடுத்தும் நிறுத்தவில்லை என்றால், அதையே காரணமாகக் காட்டி வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். முன்பணம் வாங்கிவிட்டதால் தொல்லையைச் சகித்துக்கொள்ள வேண்டும் என்று யாரும் வீட்டுக்காரரைக் கட்டாயப்படுத்த முடியாது.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஓர் ஆட்சேபம் வருகிறது. பிராணிக்குப் பணம் வாங்குவதே சட்டவிரோதம் என்று விலங்கு ஆர்வலர்கள் சிலர் சொல்கிறார்கள். இந்திய விலங்குகள் நல வாரியத்தின் 2015 பிப்ரவரி சுற்றறிக்கையைக் காட்டுவார்கள். குடியிருப்போர் சங்கங்கள் பெரும்பான்மையாகத் தீர்மானம் போட்டாலும் நாயைத் தடைசெய்ய முடியாது, லிஃப்டில் நாயை ஏற்றத் தனிக் கட்டணம் கேட்கக்கூடாது என்றெல்லாம் அதில் உண்டு. கேரள உயர் நீதிமன்றமும் 2021-இல், பிராணி வளர்க்கத் தடைபோடும் குடியிருப்புச் சங்க விதிகள் செல்லாது என்று சொன்னது. இரண்டும் நல்லவை. ஆனால் இரண்டும் சங்கங்களைப் பற்றியவை. தன் வீட்டின் மாடியை ஒருவருக்கு வாடகைக்கு விடும் தனிமனிதர் என்ன நிபந்தனை போடலாம் என்பது வேறு கேள்வி. கீரமங்கலத்தில் லிஃப்டும் இல்லை, சங்கமும் இல்லை. அந்தச் சுற்றறிக்கையை எடுத்துக்கொண்டு வீட்டுக்காரரிடம் போனால், அவர் வாசித்துவிட்டு வீடு இல்லை என்று சொல்வதோடு முடிந்துவிடும்.

கட்டணத்தைத் தடைசெய்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தில் அனுபவம் இருக்கிறது. 2019-இல் வந்த சட்டம் குடியிருப்பவரிடம் வாங்கும் பெரும்பாலான கட்டணங்களைத் தடைசெய்து, முன்பணத்தையும் பொதுவாக ஐந்து வார வாடகைக்குள் அடக்கியது. நாய்க்கென்று கூடுதல் முன்பணம் வாங்க வழியில்லாமல் போனது. வீட்டுக்காரர்கள் கைகட்டி நிற்கவில்லை. சிலர் நாய் என்றாலே மறுத்தார்கள், சிலர் வாடகையிலேயே ஏற்றிக் கேட்டார்கள். திரும்பக் கிடைத்திருக்கக்கூடிய பணம், திரும்பாத வாடகையாக மாறியது. 2025 அக்டோபரில் நிறைவேறிய புதிய சட்டம், நாய் வளர்க்க அனுமதி கேட்டால் நியாயமான காரணமின்றி மறுக்கக்கூடாது, 28 நாளுக்குள் பதில் சொல்லவேண்டும் என்று மறுபக்கத்தைச் சரிசெய்ய முயன்றிருக்கிறது. பிரபுக்கள் அவை மூன்று வார வாடகையைப் பிராணி முன்பணமாகச் சேர்க்கச் சொன்னது, மக்களவை ஏற்கவில்லை. நம்மவர்கள் லட்சக்கணக்கில் வாழும் டொரான்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணம் இன்னும் ஒரு படி மேலே. பிராணி கூடாது என்று வாடகை ஒப்பந்தத்தில் எழுதினாலும் அது செல்லாது, சேதத்துக்கென்று முன்பணமும் வாங்க முடியாது. விளைவாக, ஆளைத் தேர்ந்தெடுக்கும்போதே நாய்க்காரரை ஒதுக்கிவிடும் வாய்ப்பு வீட்டுக்காரர் கையில் இருக்கிறது. இவற்றையெல்லாம் பார்த்துத்தான், தடையைவிட வரம்பும் கணக்கும் நம் ஊருக்கு ஒத்துவரும் என்கிறேன்.

கணக்கில்லாத பணத்தின் கடைசி விளைவு குடியிருப்பவருக்கோ வீட்டுக்காரருக்கோ போவதில்லை, நாய்க்குப் போகிறது. புதிய ஊரில் மறுபடி ஒரு மாதம் கூடுதலாகக் கட்ட முடியாதவர், பழைய ஊரிலேயே நாயை விட்டுவிட்டுப் போகிறார். பிராணியைப் பட்டினியால் வாடும் நிலையில் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்தான். முதல் குற்றத்துக்குத் தண்டனை என்ன தெரியுமா? பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை அபராதம். நாயைக் கூட்டிப்போக ஐயாயிரம், விட்டுப்போக ஐம்பது என்றால், நெருக்கடியில் இருப்பவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? விட்டுப்போன நாய் தெருநாயாகிறது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு நான்கு லட்சத்துக்கு மேல் நாய்க்கடி பதிவாகும் காலத்தில், அதன் செலவு பேரூராட்சிக்கும் அரசு மருத்துவமனை ஊசிக்கும் வந்து சேர்கிறது.

'இதெல்லாம் சென்னைக்குச் சரி; இங்கே யார் எழுதிப் பதிகிறார்கள்?' என்பது கடைசி ஆட்சேபம். பதிவது குறைவு என்பது உண்மை. எழுதுவது அப்படி இல்லை. ரேஷன் கார்டு முகவரி, கேஸ் இணைப்பு, பிள்ளையின் பள்ளிச் சேர்க்கை என்று ஏதாவது ஒன்றுக்காக வாடகை ஒப்பந்தம் டைப்பிங் சென்டரில் அடிக்கப்படுகிறது. யாரோ எப்போதோ அடித்த ஒரு மாதிரி அங்கே கணினியில் கிடக்கிறது. பெயரும் தொகையும் தேதியும் மாற்றி முத்திரைத்தாளில் எடுத்துக் கொடுப்பார்கள். அந்த மாதிரியில் பிராணி பற்றி ஏதும் இருக்காது, இருந்தால் 'வளர்ப்புப் பிராணிகள் வைத்துக்கொள்ளக் கூடாது' என்ற ஒரு வரி இருக்கும், அதை இரண்டு தரப்பும் படித்திருக்க மாட்டார்கள். அங்கே சேர்க்கவேண்டியது இவ்வளவுதான்: முன்பணத்தில் இன்ன தொகை பிராணியால் வரும் சேதத்துக்கு மட்டும், பிராணி இறந்தாலோ வேறிடம் போனாலோ பதினைந்து நாளில் இருவரும் வீட்டைப் பார்த்து அந்தத் தொகையைத் தீர்த்துக்கொள்வது, இடையில் பிராணி வந்தால் எழுத்தில் தெரிவித்துச் சம்மதம் பெற்று அதே அளவு தொகை கட்டுவது, கழிக்கும் ஒவ்வொன்றுக்கும் செலவுச் சீட்டு தருவது. ஐந்து நிமிடம் கூடுதலாக டைப் செய்யவேண்டும். டைப்பிங் சென்டர்காரர் பக்கத்துக்கு இருபது ரூபாய் அதிகம் கேட்கலாம், அதை ஆளுக்குப் பத்தாகப் பிரித்துக்கொள்ளலாம்.